உரிமை எங்கிருந்து வருகிறது?

போன மாதம் பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் மனித உரிமைகள் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். பின்னால் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் எழும்பி, "உரிமை உரிமைங்கிறீங்களே ஐயா, அத யாரு குடுத்தா? குடுத்தவங்களே திருப்பி எடுத்துக்கிட்டா என்னா செய்யிறது?" என்று கேட்டார். அன்று ஒழுங்கான பதில் எங்கள் வாயில் வரவில்லை. தேத்தண்ணியும் வந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

அந்த அம்மா சும்மா கேட்கவில்லை. 1948 நவம்பர் 15ஆம் திகதி இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்த மலைகளில் தேயிலை வைத்த நம் மக்களில் மிகப் பெரும்பாலோர் அதனால் நாடற்றவர்களானார்கள். மறுவருடம் வோட்டும் போனது. வேடிக்கையைப் பாருங்கள்: அந்தச் சட்டம் வந்த 25ஆம் நாள், டிசம்பர் 10ஆம் திகதி, பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. நாட்டுரிமை எல்லோருக்கும் உண்டு என்கிறது அதன் 15ஆம் உறுப்புரை. (இலங்கை அப்போது அந்தச் சபையில் இல்லை, 1955ல்தான் சேர்ந்தது.)

உரிமை சட்டத்திலிருந்து மட்டுமே வருகிறது என்றால் அன்று நடந்ததை அநியாயம் என்று சொல்லவே முடியாது. சட்டம் குடுத்தது, சட்டம் எடுத்தது, கணக்கு சரி. ஆனால் அநியாயம் என்று நம்ம மனசுக்குத் தெரிகிறதே! அப்படியானால் சட்டத்துக்கு முந்தியே ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

1947ல் யுனெஸ்கோ நிறுவனம் பல நாட்டுப் பெரியவர்களிடம் இதைக் கேட்டு எழுதியது. கடமையை நன்றாகச் செய்வதிலிருந்தே உரிமை பிறக்கிறது என்றும், இதைப் படிப்பறியாத தம் தாயாரிடம் கற்றதாகவும் மகாத்மா காந்தி பதில் எழுதினார். காந்தியடிகள் மேல் எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள். அது சம்பளக் கணக்கு. தொட்டிலில் கிடக்கிற பிள்ளை எந்த மலையில் கொழுந்து எடுத்தது? பாலுக்கும் மருந்துக்கும் அதற்கு உரிமை இல்லையா? கடமையில் குறை வைக்காதவர்களிடமிருந்துதானே 1948ல் எல்லாம் பறிபோனது?

ஜெர்மனியில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமானுவேல் காண்ட் என்ற தத்துவ அறிஞர் சொன்ன காரணம் எங்களுக்குப் பிடித்தது. விலை உள்ள பொருளுக்குப் பதில் வேறொன்று வைக்கலாம். கவ்வாத்துக் கத்தி உடைந்தால் புதுக்கத்தி வாங்குகிறோம். மனிதனுக்கு அப்படிப் பதில் இல்லை. அவன் தன் வாழ்க்கையைத் தானே யோசித்து நடத்துகிறவன்; ஆகவே அவனை வெறும் கருவியாகப் பாவிக்கக் கூடாது. இது துரைக்கும் பொருந்தும், பிரட்டில் நிற்கிறவருக்கும் பொருந்தும், அந்தத் தொட்டில் பிள்ளைக்கும் பொருந்தும்.

1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர், இலங்கைக்கு 3 இலட்சம் பேர் என்று இரண்டு அரசாங்கங்களும் எண்ணிக்கை பேசி முடித்தன. யார் எங்கே வாழ விரும்புகிறார் என்று கேட்டு வந்த எண்ணிக்கை அல்ல அது. காண்ட் சொன்னதற்கு இதைவிட வேறு உதாரணம் எதற்கு?

அம்மாவின் இரண்டாவது கேள்வி இன்னும் கஷ்டமானது. ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண்மணி ஹன்னா ஆரென்ட், தாமே பல வருடம் நாடற்றவராக இருந்தவர். நின்று கேட்க ஒரு நாடு இல்லாதவனுக்கு மனித உரிமை வெறும் பேச்சாகிவிடுகிறது என்று அவர் எழுதினார். உண்மைதான். பிறப்பிலேயே உள்ள உரிமை என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தாலும், மிச்சமிருந்த நம்மவர்களுக்குப் பிரசாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003ல்தான் வந்தது. அதுவரை நம்மவர்கள் கேட்டதெல்லாம் பிச்சையாக அல்ல, தங்களுடையதைத் திருப்பிக் கேட்டதாகத்தான்.

கூட்டம் முடிந்து போகும்போது அந்த அம்மா தன் அடையாள அட்டையை எங்களிடம் காட்டினார். சுருக்குப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். கடைக்குப் போனாலும் அதை விட்டுவிட்டுப் போவதில்லையாம்.