குளக்கரைக் கடைக்காரர்களுக்கு: விரால் தூண்டில் சாமான் வாங்கும் முறை



மளிகைக் கடைக்கும் தூண்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நகருக்குள் கடை வைத்திருப்பவர்கள் கேட்கலாம். சூலூர், குறிச்சி, சிங்காநல்லூர் பக்கம் குளக்கரையை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்களும், பவானிசாகர், ஆழியாறு, அமராவதி அணைகளுக்குப் போகும் பாதையில் கடை வைத்திருப்பவர்களும் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தீப்பெட்டியும் பொரியும் வாங்க வருகிறவர், "நரம்பு இருக்குதுங்களா, முள்ளு இருக்குதுங்களா" என்றும் சேர்த்தே கேட்கிறார். இருந்தால் மற்ற சாமானையும் அதே கடையில் வாங்கிக்கொண்டு போகிறார்.

நாம் கயிறு, சாக்கு, தார்ப்பாய் மொத்த வியாபாரம் செய்பவர்கள். அதன் ஓரமாகத் தூண்டில் சாமானும் பல வருடங்களாக விற்று வருகிறோம். இந்தச் சரக்கில் நாம் அடிபட்டுக் கற்றதைச் சில்லறைக் கடைக்காரர்களும் தெரிந்துகொண்டால் நல்லது என்று இதை எழுதுகிறோம்.

முதலில் மீனைத் தெரிந்துகொள்ள வேண்டும். கெண்டை, ஜிலேபி பிடிப்பவருக்கு மண்புழுவும் சின்ன முள்ளும் ஒரு தக்கையும் போதும். அதில் கடைக்காரர் தவறு செய்ய அதிக இடமில்லை. காசும் கவனமும் வேண்டியது விராலுக்குத்தான். விரால் ஆகாயத்தாமரைக்கும் கோரைக்கும் அடியில் அசையாமல் கிடக்கும். மேலே தவளையோ சிறு மீனோ போனால் ஒரே பாய்ச்சலில் கவ்வும். கவ்வியதும் மறுபடியும் செடிக்குள்தான் ஓடும். வெறும் செவுளை மட்டும் நம்பாமல் அடிக்கடி மேலே வந்து காற்றையும் குடிக்கும் மீன் அது. பழகியவர்கள் அந்தக் குமிழியைப் பார்த்தே இடம் குறிப்பார்கள். தெலங்கானா இதைத் தன் மாநில மீனாகவே வைத்திருக்கிறது. அங்கே பெயர் கொர்ரமீனு.

அமெரிக்காவில் பாஸ் என்று ஒரு நன்னீர் மீன் உண்டு. குலத்தால் விராலுக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் செடிக்குள் பதுங்கிப் பாய்வதில் இரண்டும் ஒன்று. அந்த மீனுக்குத் தூண்டில் போடுவது அங்கே பெரும் வியாபாரம். 1932ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி என்ற விவசாயி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ்தான் உலக சாதனை. 2009ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் பிடித்த மீன் அதனோடு சமமாக நின்றது. இதை ஏன் சொல்கிறோம் என்றால், இன்று நம் கடைகளுக்கு வரும் ரப்பர் தவளை, தகடு, சுழலும் இரை எல்லாம் பெரும்பாலும் அந்த மீனை மனதில் வைத்துச் செய்த மாதிரிகளே. நம் விராலுக்கு அவற்றில் சிலது பொருந்தும், பலது பொருந்தாது. அட்டையில் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்கினால் சரக்கு அலமாரியிலேயே தங்கிவிடும்.

நரம்பில் பட்ட பாடு

சில வருடங்களுக்கு முன் நடந்தது. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் பெரியவர் ஒருவர் நம்மிடம் ஒரு சுருள் நைலான் நரம்பு வாங்கிப் போனார். பத்து நாளில் திரும்பி வந்தார். கோபப்படவில்லை. சுருளை மேசைமேல் வைத்து, "பத்துக் கிலோ தாங்கும்னு போட்டிருக்குதுங்க. மூணு கிலோ மீனுக்கே அறுந்துபோச்சுங்களே" என்றார். நாம் வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொன்னோம்: முடிச்சு சரியில்லாமல் இருந்திருக்கும். அவர் நரம்பை விரலிடையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "நூலு செத்துப்போச்சுங்க மொதலாளி" என்றார். நாற்பது வருடம் நூல் தொட்ட கை அது.

அவர் போன பிறகு அதே சரக்கில் இன்னொரு சுருளை எடுத்து எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம். ஐந்து கிலோ கல்லுக்கே அறுந்தது. பெட்டியில் வைத்திருந்த அதே மாதிரிச் சுருள் அதைத் தாராளமாகத் தாங்கியது. வித்தியாசம் ஒன்றுதான். முதல் சுருளை மேற்குப் பார்த்த கடை வாசலில் ஒரு வருடத்துக்கு மேல் அழகாகத் தொங்கவிட்டிருந்தோம். வெயில் நைலானைக் கொல்லும். பார்வைக்கு நூல் அப்படியேதான் இருக்கும், பலம் மட்டும் போய்விடும். அனுப்பியவர் மேல் குற்றமில்லை, குற்றம் நம்முடையது. பெரியவருக்குப் புதுச் சுருள் கொடுத்துவிட்டோம். வாசலில் தொங்கிய மற்றதையெல்லாம் பந்தல் கட்டக்கூட யாருக்கும் கொடுக்காமல் வெட்டி எறிந்தோம். அன்றைய நஷ்டம் பெரிதில்லை. ஆனால் அதற்கு முன் அந்த வரிசையிலிருந்து எத்தனை பேர் வாங்கிப் போய், அறுந்ததும் திரும்பி வராமலே வேறு கடைக்குப் போனார்களோ, அந்தக் கணக்கு நம்மிடம் இல்லை.

ஆகவே வாசலில் வெறும் அட்டையைத் தொங்கவிடுங்கள். சரக்கு உள்ளே இருட்டில் இருக்கட்டும். புதுச் சரக்கு வந்தால் ஒரு சுருளைப் பிரித்து எடைக்கல் கட்டிப் பாருங்கள். நம் கடைகளில் இல்லாத கருவி ஒன்றும் இதற்குத் தேவையில்லை.

நரம்பின் பருமன் மில்லிமீட்டரில் போட்டிருக்கும். 0.20ஐ விட 0.40 இரண்டு மடங்கு பலம் என்று நினைக்கக்கூடாது. பருமன் இரட்டித்தால் உள்ளே இருக்கும் நைலான் நான்கு மடங்கு, பலமும் ஏறக்குறைய அப்படியே. ஜிலேபிக்கும் சிறு கெண்டைக்கும் 0.20 முதல் 0.25 வரை போதும். செடியுள்ள குளத்து விராலுக்கு 0.40க்குக் கீழே கொடுக்காதீர்கள். முடிச்சை இறுக்கும் முன் எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைக்கச் சொல்லுங்கள். உலர்ந்த நரம்பு உரசலில் சூடேறி முடிச்சிலேயே நலியும்.

இப்போது பின்னல் நூலும் வருகிறது. ஒரே பருமனில் நரம்பை விட மிகுந்த பலம். நரம்பு இழுத்தால் சற்று நீளும், பின்னல் நூல் நீளாது. தூரத்தில் ரப்பர் தவளையைக் கவ்விய விராலின் கடினமான வாயில் முள் ஏற வேண்டுமென்றால் இதுதான் நல்லது. ஆனால் கையில் சுற்றி இழுத்தால் விரலை அறுத்துவிடும். இதைச் சொல்லாமல் விற்கக்கூடாது.

முள் நம்பரும் நூல் நம்பரும்

முள்ளின் நம்பர் புதிதாக விற்பவர்களைக் குழப்பும். கோயமுத்தூர்க்காரருக்கு அது கஷ்டமே இல்லை. நூலில் நாற்பதாம் நம்பர் இருபதாம் நம்பரை விடச் சன்னம் அல்லவா? முள்ளும் அப்படியே. பத்தாம் நம்பர் சின்னது, இரண்டாம் நம்பர் பெரிது. ஒன்றுக்கு மேலே பெரிதாகப் போனால் நம்பருக்குப் பின் ஒரு சைபர் சேரும்: 1/0, 2/0, 3/0. அங்கே மட்டும் எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகும். ஜிலேபிக்கு எட்டு அல்லது பத்து, விராலுக்கு 1/0 முதல் 3/0 வரை என்று வைத்துக்கொண்டால் தவறு வராது.

நல்ல முள்ளைச் சோதிக்க அதன் நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக இழுக்க வேண்டும். கூர் இருந்தால் நகத்தைப் பிடிக்கும், மழுங்கியிருந்தால் வழுக்கும். நார்வே நாட்டு மஸ்டாட் கம்பெனி 1877லிருந்து தூண்டில் முள் செய்கிறது. அந்தப் பெயரில் போலிச் சரக்கும் உலவுவதால் பெயரை விட நகத்தை நம்புங்கள். மளிகைக் கடையில் முள்ளுக்கு எமன் உப்பு மூட்டை. அதன் பக்கத்தில் வைத்த முள் ஒரு மழைக்காலம் தாங்காது. காகிதத்தில் மடித்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

ரப்பர் தவளை

விராலுக்கு விற்கும் போலி இரைகளில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ரப்பர் தவளையை வாங்குங்கள். உடம்பு உள்ளே வெற்றாக இருக்கும். இரட்டை முள் மேல்நோக்கி முதுகோடு ஒட்டியிருக்கும். அதனால் ஆகாயத்தாமரை மேல் இழுத்தாலும் செடியில் மாட்டாது. மீன் கவ்வும்போது உடம்பு அமுங்கி முள் வெளியே வரும். இதுதான் சூட்சுமம். எனவே வாங்கும்போது கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். எளிதில் அமுங்காத கெட்டி ரப்பர் என்றால், மீன் கவ்வும், முள் ஏறாது, வாடிக்கையாளர் உங்களைத் திட்டுவார். கவ்விய சத்தம் கேட்டவுடனே வெட்டி இழுக்காமல், நூல் இறுகும்வரை ஒரு நொடி பொறுக்கச் சொல்வதும் விற்பனையில் சேர்த்திதான்.

உயிருள்ள தவளையை முள்ளில் குத்தும் பழக்கத்துக்கும் இது மாற்று. வயல் பூச்சியைத் தின்னும் தவளை குறைகிறதென்றுதான் 1987ல் தவளைக்கால் ஏற்றுமதியையே மத்திய அரசு நிறுத்தியது.

பளபளக்கும் தகடு செடியில்லாத அணைத் தண்ணீருக்கு ஆகும், குளத்துக்கு ஆகாது. விலையுயர்ந்த மர மீன், பிளாஸ்டிக் மீன் வகைகளைக் கேட்டு வந்தால் தருவித்துக் கொடுங்கள், இருப்பு வைக்காதீர்கள். இன்று உலகெங்கும் விற்கும் ராப்பாலா மீன் 1936ல் பின்லாந்தில் ஒரு மீனவர் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை ஒட்டி, பழைய போட்டோ பிலிமை உருக்கிப் பூசிச் செய்தது. மீன் கடிக்க விலை காரணமில்லை என்பதற்காகச் சொன்னோம்.

கம்பு விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல் மூங்கில் இன்றும் கெடவில்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் கம்பில் மணல் புகுந்தால் திருகிக்கொள்ளும். கார்பன் கம்பு மின்சாரம் பாயும் பொருள் என்பதால் மின்கம்பிக்கு அடியில் நிமிர்த்தக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லியே கொடுங்கள்.

ஈயக் குண்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதை அரிசி, பருப்பு அளக்கும் மேசையில் கொட்டி எண்ணும் கடைகளைப் பார்த்திருக்கிறோம். ஈயம் விஷம். கையில் ஒட்டும், கையிலிருந்து பண்டத்தில் ஒட்டும். அன்னப்பறவைகள் விழுங்கிச் சாகின்றன என்று இங்கிலாந்தில் சிறு ஈயக் குண்டு விற்பனையை 1987லேயே தடுத்துவிட்டார்கள். நம் பெரியகுளத்திலும் நீர்ப்பறவைகள் இருக்கின்றன. விற்றே ஆக வேண்டுமென்றால் தனி டப்பாவில், தனி இடத்தில் வைத்து, எண்ணிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நாம் இரும்பு நட்டுகளை விற்கிறோம். ஈயத்தை விட எடை குறைவென்பதால் ஒரு சுற்றுப் பெரிதாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வாங்க வருபவரிடம் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். குளமானால் ஏலம் எடுத்தவரின் சம்மதம் வேண்டும். பவானிசாகர், ஆழியாறு போன்ற அணைகளில் மீன்வளர்ச்சிக் கழகத்தின் அனுமதி வேண்டும். தெரியாமல் போய்க் கம்பைப் பறிகொடுத்தவர் முதலில் கோபிப்பது விற்ற கடைக்காரரைத்தான்.

மழை தொடங்கியதும் விரால் குஞ்சு பொரிக்கும். தண்ணீர் மேல் செம்பட்டையாகத் திரியும் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அதன்மேல் தவளையை இழுத்தால் பசி இல்லாவிட்டாலும் பாயும், பிடிப்பது மிகச் சுலபம். அதை எடுத்துவிட்டால் காவலற்ற குஞ்சுகளை மற்ற மீன்கள் நாளுக்குள் தின்று தீர்க்கும். சிவப்புக் கூட்டத்தைக் கண்டால் விலகிப் போங்கள் என்று நாம் பொட்டலம் மடிக்கும்போதே சொல்கிறோம். சிலர் சிரிக்கிறார்கள். சோமனூர்ப் பெரியவர், "அதெல்லாம் எங்கப்பன் காலத்துலயே தொட மாட்டோமுங்க" என்றார்.

முதல் கொள்முதலுக்கு 0.25 நரம்பும் 0.40 நரம்பும் பத்துப் பத்துச் சுருள், எட்டாம் நம்பர் முள்ளும் 2/0 முள்ளும் ஒவ்வொரு பெட்டி, தக்கை ஒரு பொட்டலம், ரப்பர் தவளை ஆறு போதும். தவளையில் மூன்று பச்சை, மூன்று கறுப்பாக இருக்கட்டும். கறுப்புதான் முதலில் தீரும், விடியற்காலை மங்கலில் அதன் உருவம் மீனுக்கு நன்றாகத் தெரிகிறது என்பார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய எண்ணெய் டின் வைத்து, வெட்டிய துண்டு நரம்பைக் குளத்தில் போடாமல் அதில் கொண்டுவந்து போடச் சொல்லுங்கள். நம் கடையில் டின் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நிறைகிறது.