மின்சாரக் காருக்கு மின்னேற்றும் வேளை

மின்சாரத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் ஆசிரியர் மாணவர்க்கு முதற்கண் உணர்த்த வேண்டிய இயல்பு ஒன்று உண்டு. மின்சாரம் பிறந்த கணமே செலவாக வேண்டிய பொருள். நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது போலவோ, நீரை ஏரியில் தேக்குவது போலவோ அதனை அப்படியே சேர்த்து வைத்தல் இயலாது. சேமிக்க வேண்டுமாயின், வேறோர் ஆற்றலாக மாற்றியே சேமித்தல் வேண்டும். அவ்வாறு மாற்றும்போதெல்லாம் அதில் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடும்.

நெடுங்காலமாக மின் பொறியாளர் மட்டுமே கவலைப்பட்டுவந்த இச்செய்தி, மின்சாரக் கார்களின் வருகையால் இன்று வீட்டுக்கு வீடு பேச வேண்டியதாயிற்று. காரை வாங்குவோர் அதன் விலையையும் அது ஓடும் தொலைவையும் ஆராய்கின்றனர். அதற்கு எந்த வேளையில் மின்னேற்றுவது என்பதை ஆராய்வோர் சிலரே. ஆயினும் நாட்டின் மின் அமைப்புக்கு அக்கார் உதவியாகுமா, சுமையாகுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த வேளையே.

ஒரு காரின் கணக்கு

ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றலையே ஒரு யூனிட் என்கிறோம். நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார், மின்னேற்றத்தின்போது வீணாவதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் ஓடும் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் செல்பவருக்கு 5 யூனிட் போதுமானது. நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் சூரிய மின்தகடு நாள்தோறும் தரும் மின்சாரம் சுமார் 4 யூனிட் என்பதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

இனி, புகையின் கணக்கைப் பார்ப்போம். இந்திய மின் தொகுப்பில் ஒரு யூனிட் உற்பத்திக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோகிராம் கரியமிலவாயு வெளிப்படுகிறது. ஆகவே அக்கார் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 117 கிராம் வாயு எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோகிராம் கரியமிலவாயு உண்டாகும். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு இது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 144 கிராம் ஆகும். இவ்விரண்டுக்கும் வேற்றுமை உண்டு. ஆனால் அது பலரும் எண்ணுமளவு பெரிதன்று. கார் தெருவில் புகை விடாதது மெய்யே. எனினும் அதன் முழுப்பயன், மின்சாரம் எதிலிருந்து பிறந்தது என்பதைப் பொறுத்தே அமையும்.

மாலை ஏழு மணியும் நண்பகலும்

2025 ஜனவரியில் இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் 1,00,000 மெகாவாட்டைக் கடந்தது. நண்பகலில் இத்தகடுகள் மிகுதியாக மின்சாரம் தருகின்றன. மாலையில் கதிரவன் சாய, அவற்றின் உற்பத்தி விரைந்து குறைந்து இல்லாமற் போகிறது. அதே வேளையில்தான் வீடுகளில் விளக்கும் விசிறியும் குளிர்பதனக் கருவியும் ஒருங்கே இயங்கத் தொடங்குகின்றன. இக்குறையை ஈடுசெய்யும் பொறுப்பு பெரும்பாலும் நிலக்கரி நிலையங்களையும் நீர்மின் நிலையங்களையும் சார்கிறது.

பத்து இலட்சம் கார்களின் உரிமையாளர்கள் பணி முடித்து வீடு திரும்பி, மாலை 7 மணிக்கு 3 கிலோவாட் மின்னேற்றியை ஒரே நேரத்தில் இணைக்கிறார்கள் எனக் கொள்வோம். அக்கணத்தில் மின் தொகுப்பின் மேல் ஏறும் சுமை 3,000 மெகாவாட். அதே கார்களுக்கு வேண்டிய அதே 50 இலட்சம் யூனிட்டைக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சீராகப் பகிர்ந்து ஏற்றினால், சுமை ஏறத்தாழ 715 மெகாவாட் மட்டுமே. கார்களும் மாறவில்லை, அவை ஓடும் தொலைவும் மாறவில்லை. வேளை ஒன்று மாறியதால் சுமை நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. அன்றியும், அச்சுமை வெயில் மிக்க நேரத்தில் விழுகிறது.

சேமிக்கும் வழிகள்

பகலில் மிஞ்சும் மின்சாரத்தைச் சேமித்து மாலையில் தந்தால் என்ன என்று மாணவர் கேட்கக்கூடும். நல்ல வினா. அதற்கு இரு வழிகள் நடைமுறையில் உள்ளன.

முதல் வழி நீரேற்று மின் நிலையம். மின்சாரம் மிஞ்சும்போது கீழ் நீர்த்தேக்கத்து நீரை மேல் நீர்த்தேக்கத்துக்கு ஏற்றுவர். தேவைப்படும்போது அந்நீரை இறக்கிச் சுழலியைச் சுழற்றுவர். மேற்கு வங்கத்து அயோத்தியா மலையில் உள்ள புருலியா நிலையம் 900 மெகாவாட் திறனுடையது. தமிழ்நாட்டில் ஆனைமலைப் பகுதியின் காடம்பாறை நிலையம் 400 மெகாவாட் திறனுடையது. ஒரு யூனிட் ஆற்றலைச் சேமிக்க 1,000 லிட்டர் நீரை ஏறத்தாழ 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்னும் கணக்கை மாணவர் தாமே செய்து பார்க்கலாம். ஏற்றச் செலவிட்ட 100 யூனிட்டில் சுமார் 75 முதல் 80 யூனிட் திரும்பக் கிடைக்கும்.

இரண்டாம் வழி மின்கலம். லித்தியம் அயனி மின்கலத்தில் இரு மின்முனைகளும் அவற்றிடையே மின்பகுளியும் உண்டு. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து நீங்கி, மின்பகுளி வழியே சென்று, எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே தங்குகின்றன. கார் ஓடும்போது அவை வந்த வழியே மீள்கின்றன. எலெக்ட்ரான்கள் புறச்சுற்றின் வழியே பாய்ந்து மோட்டாரைச் சுழற்றுகின்றன. இம்மின்கலத்தை உருவாக்கியமைக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அகிரா யோஷினோ ஆகியோர் 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசைப் பெற்றனர். குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபெல் உரை ஆற்றியவர் அவருடன் நெடுங்காலம் ஆராய்ந்த தமிழர் ஆறுமுகம் மந்திரம் என்பது நம் மாணவர் அறியத்தக்கது.

இத்தகைய மின்கலங்களைத் திரளாக அடுக்கி மின் தொகுப்போடு இணைப்பதும் உண்டு. சத்தீஸ்கரின் ராஜ்நந்த்காவில், சூரிய மின் நிலையத்தோடு சேர்த்து 40 மெகாவாட் திறனும் 1,20,000 யூனிட் கொள்ளளவும் உடைய மின்கல அமைப்பு 2024இல் இயங்கத் தொடங்கியது. பகலில் தேக்கிய மின்சாரத்தை அது மாலையில் தருகிறது. ஆனால் மேற்கூறிய பத்து இலட்சம் கார்களின் ஒருநாள் தேவையை மாலையில் நிறைவு செய்ய, இத்தகைய அமைப்புகள் ஏறத்தாழ 42 வேண்டும். அவற்றில் புகுந்து மீளும்போது ஒரு பங்கு ஆற்றல் கழிந்தும் போகும். காரின் உள்ளேயே ஒரு மின்கலம் இருக்க, வெளியே மற்றொன்றில் ஏற்றி, பின் அதிலிருந்து காருக்கு மாற்றுவது ஒரே பண்டத்தை இருமுறை அளந்து கொட்டுவதற்கு ஒப்பாகும். பகலில் நேரே காருக்கு ஏற்றிவிட்டால், பொது மின்கலங்களை மருத்துவமனைக்கும் வீட்டு விளக்குக்கும் ஒதுக்கலாம் அன்றோ?

மின்னேற்ற நிலையம் எங்கு அமைதல் வேண்டும்

நண்பகலில் கார் எங்கே நிற்கிறது? பெரும்பாலும் அலுவலக வளாகத்தில், கல்லூரியில், தொழிற்சாலை வாயிலில், இரயில் நிலையத்தருகில் நிற்கிறது. ஆகவே மின்னேற்ற வசதி வீட்டில் மட்டுமன்றி இவ்விடங்களிலும் பெருகுதல் வேண்டும். இங்கு விரைவு மின்னேற்றி இன்றியமையாததன்று. எட்டு மணி நேரம் நிற்கும் காருக்கு 3 கிலோவாட் இணைப்பே போதும். விரைவு மின்னேற்றிகளுக்கு உரிய இடம் நெடுஞ்சாலை.

கட்டண முறையும் இவ்வழியே செல்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023இல் செய்யப்பட்ட திருத்தம், சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. 2024இல் வெளியான மின்னேற்ற நிலைய வழிகாட்டுதல்களும் காலை 9 முதல் மாலை 4 வரையில் ஏற்றுவோர்க்குச் சலுகை காட்டுகின்றன. பகலில் ஏற்ற வாய்ப்பில்லாதோர் மாலையைத் தவிர்த்து, நள்ளிரவுக்குப் பின் ஏற்றலாம். அப்போது தேவை தணிந்திருக்கும்; தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமாயின் காற்றாலைகளும் துணைசெய்யும்.

களப்பணியாளர் கவனத்திற்கு

மக்களிடம் பேசும்போது கீழ்க்கண்டவற்றை வலியுறுத்துதல் நலம்:

1. காருக்கெனத் தனிக் கம்பி இணைப்பும், செம்மையான எர்த் இணைப்பும், மின்கசிவின்போது தானே துண்டிக்கும் கருவியும் இருத்தல் வேண்டும்.
2. நீட்டிப்புக் கம்பியில் இணைத்து மின்னேற்றுதல் கூடாது. பல மணி நேரம் தொடர்ந்து பாயும் மின்னோட்டத்தால் அது சூடேறித் தீப்பற்றக்கூடும்.
3. பெரும்பாலான கார்களில் மின்னேற்றம் தொடங்கும் நேரத்தை முன்கூட்டியே குறித்து வைக்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தக் கற்பித்தல் வேண்டும்.

வகுப்புப் பயிற்சி

அ. மாணவர் தம் வீட்டு மின்மானியைக் காலை 6, 9, மாலை 4, 6, இரவு 10 ஆகிய நேரங்களில் ஒரு வாரம் குறித்து வருக. ஒவ்வோர் இடைவேளையிலும் செலவான யூனிட்டை மணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிச் சுமை கிலோவாட்டில் கிடைக்கும். எந்த வேளையில் சுமை மிகுதி எனக் காண்க.

ஆ. ஒரு தெருவின் மின்மாற்றி 100 கிலோவாட் தாங்கும். மாலையில் ஏற்கெனவே 60 கிலோவாட் சுமை அதன் மேல் உள்ளது. 3 கிலோவாட் மின்னேற்றிகள் எத்தனை ஒரே நேரத்தில் இயங்கலாம்? (விடை: 13.) பதினான்காவது வீட்டார் கார் வாங்கினால், புதிய மின்மாற்றி வாங்காமலே அத்தெருவார் செய்யத்தக்கது யாது?

இரண்டாம் வினாவின் பிற்பகுதிக்கு மாணவர் தாமே விடை காண்பாராயின், இப்பாடத்தின் கருத்து அவர்க்கு விளங்கிற்று எனக் கொள்ளலாம்.