பிரேக்கின் மூளை

மோட்டார் வண்டியை ஓட்டுவதினும் நிறுத்துவதே பெரிது என்பதை யாவரும் ஒப்புவர். ஈரப் பாதையில் பிரேக்கை அழுந்த மிதித்தால் சக்கரம் சுழலாது சறுக்கும். சறுக்கும் வண்டி திருப்பிய திசையில் செல்லாது. இவ்வபாயத்தை நீக்க எழுந்ததே ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு. பாஷ் கம்பெனியாரின் மின்னணு ஏ.பி.எஸ். 1978-ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் வண்டிகளில் விற்பனைக்கு வந்தது.

இதன் முக்கிய அங்கங்கள் மூன்று. சக்கரத்தின் வேகத்தை அறிவிக்கும் சென்சார் கண் போன்றது. பிரேக் ஆயிலின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வுப் பெட்டி கை போன்றது. இரண்டுக்கும் நடுநின்று ஆணையிடும் மாடுயூல் மூளை போன்றது.

எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் மூளையே கெட்டது எனத் துணிதல் தவறு. அமெரிக்காவில் 1999 முதல் 2002 வரையிலான சில ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில், பனியுருக்கச் சாலையில் தூவிய உப்பினால் சென்சார் பொருந்துமிடத்தில் துருவேறிற்று. இடைவெளி அகலவே, மெதுவாகச் செல்கையில் சமிக்ஞை நலிந்தது. சக்கரம் நின்றதென மயங்கிய மாடுயூல் பிரேக்கைத் தளர்த்திற்று. வண்டி நிற்கவேண்டிய இடத்தைக் கடந்து சென்றது. 2005-இல் அவ்வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. இங்கே பிழை கண்ணினது, மூளையினது அன்று. ஆகவே, முதலில் ஸ்கேன் கருவியால் பிழைக்குறியை வாசித்து, சென்சார், கம்பி, பியூஸ், எர்த் இணைப்பு ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும்.

மாடுயூலே பழுதெனத் தெளிந்தபின், வீட்டில் மாற்றுவோர் கவனிக்க வேண்டியவை வருமாறு. புதியதன் எண் பழையதனோடு ஒத்திருக்க வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுக. வண்டியின் கீழ்ப் புகுவதாயின் ஜாக்கியை மட்டும் நம்பாது உறுதியான தாங்கிகளை நிறுத்துக. அழுக்கைத் துடைத்தபின்னரே திருகுகளைக் கழற்றி, மாடுயூலை நெம்பாது நேராக இழுக்கவேண்டும். பல வண்டிகளில் இது வால்வுப் பெட்டியினின்று தனியே பிரியும்; ஆயில் குழாய்களைத் தொடவேண்டுவதில்லை. குழாயைக் கழற்ற நேரின் காற்றை முற்றும் வெளியேற்றுதல் அவசியம். பழக்கமில்லாதார் அதனை மெக்கானிக்கிடம் விடுவதே நன்று. சில வண்டிகளில் புதிய மாடுயூலுக்கு அவ்வண்டிக்குரிய குறிப்புகளைப் பதியவும் வேண்டும்.

முடிவில், வண்டியை நகர்த்துமுன் பெடலை மிதித்து உறுதி காண்க; பின்பு ஆளில்லாத வெளியில் மெதுவாக ஓட்டிச் சோதிக்க. இவ்வேலையில் நேரும் பிழை, செய்தவனோடு நில்லாது வழியில் நடப்பாரையும் சாரும். ஆதலின், ஐயம் சிறிதேனும் எஞ்சியிருப்பின் வண்டியைச் சாலைக்குக் கொணராதிருப்பதே கடமை.