கணக்கை மூடியது அரசியலா, ரொக்கமா?

கேள்வி: லண்டனில் மளிகைக் கடை வைத்திருக்கிறான் என் தம்பி. இரண்டு மாதத்தில் கணக்கை மூடுகிறோம் என்று வங்கியிலிருந்து கடிதம், காரணம் சொல்லவில்லை. பிரிட்டன் அரசியல்வாதி நைஜல் ஃபராஜுக்கும் இப்படித்தான் நடந்ததாமே? தம்பி தமிழர் ஊர்வலங்களுக்குப் போகிறவன். அதனாலோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் எனக்குச் சந்தேகம் ஊர்வலத்தின் மேல் இல்லை, கல்லாவில் சேரும் ரொக்கத்தின் மேல்தான்.

ஃபராஜ் விஷயத்தில் அரசியல் இல்லை என்று சொல்ல மாட்டேன். கௌட்ஸ் வங்கி அவருடைய கணக்கை மூடப்போவதாக 2023இல் அவரிடம் சொன்னது. அவர் தம்மைப் பற்றிய ஆவணங்களைச் சட்டப்படி கேட்டு வாங்கினார். சுமார் 40 பக்கம். அவருடைய கருத்துகள் வங்கியின் கொள்கைகளோடு ஒத்துப்போகவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அவர் கணக்கைப் பற்றி பிபிசி செய்தியாளரிடம் பேசிய அலிசன் ரோஸ், கௌட்ஸின் தாய் நிறுவனமான நாட்வெஸ்ட்டின் தலைமைப் பதவியையே விட வேண்டியதாயிற்று.

கடைக்காரர்களின் கதை வேறு. பிராட்ஃபோர்டு தங்க வியாபாரி ஒருவரின் கணக்கில் கறுப்புக் குப்பைப் பைகளில் ரொக்கம் வந்து விழுந்தது. கனம் தாங்காமல் பைகள் கிழிந்தன. அதைச் சரியாகக் கண்காணிக்காத அதே நாட்வெஸ்ட்டுக்கு 2021இல் 26 கோடியே 48 லட்சம் பவுண்டு அபராதம். இப்படி ஒரு அடி விழுந்தால் எந்த வங்கியும் ரொக்கத்தைக் கண்டு மிரளத்தான் செய்யும். சிறு கடையால் கிடைக்கும் வருமானமோ கொஞ்சம். அதற்காக ஆள் வைத்து விசாரிப்பதைவிடக் கணக்கை மூடுவது அவர்களுக்குச் சுலபம். சந்தேகம் என்று அரசுக்கு அறிக்கை அனுப்பியிருந்தால், அதை வாடிக்கையாளரிடம் சொல்வதே குற்றமாகலாம். வாய் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் நேர்மையாகக் கடை நடத்துபவரிடம் ஒரு பில்லைக்கூடக் கேட்காமல் வெளியே போ என்பது அநியாயம்தான்.

தம்பி முதலில் வேறு வங்கியில் கணக்கு திறக்கட்டும். கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். கொள்முதல் பில், தினசரி விற்பனைக் கணக்கு, ரொக்கம் கட்டிய சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி வைக்கட்டும். ஃபராஜ் கேட்டதுபோல் தன்னைப் பற்றிய தகவல்களை எழுதிக் கேட்கலாம். கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்தில் தர வேண்டும். குற்றத் தடுப்பு தொடர்பானவை போன்ற சிலவற்றை வங்கி மறைக்கலாம். கூடவே வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கட்டும். எட்டு வாரத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ நிதி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சிறு கடைக்காரர்களின் புகாரையும் இலவசமாகவே விசாரிப்பார்கள்.