விசையை அழுத்தினால் போதும்

இன்று சிறு குழந்தைகூடக் கைப்பேசியை விரலால் தொட்டு ஒரு நொடியில் படம் எடுத்துவிடுகிறது. ஆனால், 19-ஆம் நூற்றாண்டில் நிழற்படம் எடுப்பது முறையாகப் பயின்றவர்களுக்கு மட்டுமே கைவந்த கலையாக இருந்தது. அக்கலையைப் பொதுமக்களின் கைகளில் கொண்டு சேர்த்தவர்களுள் முதன்மையானவர், அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஆவார்.

1854-ஆம் ஆண்டில் பிறந்த ஈஸ்ட்மன், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் வங்கி எழுத்தராகப் பணியாற்றினார். 1877-ஆம் ஆண்டு, பயணம் ஒன்றில் படம் எடுப்பதற்காக நிழற்படக் கருவி ஒன்றை வாங்கினார். கருவி மட்டும் போதவில்லை. முக்காலி, கண்ணாடித் தகடுகள், இரசாயனப் புட்டிகள், கூடாரம் ஆகியவற்றையும் உடன் சுமக்க வேண்டியிருந்தது. அக்காலத்தில், கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கலவையைப் பூசி, அந்த ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்து, உடனே இருட்டில் வைத்துக் கழுவ வேண்டும். வெளியிடங்களில் கூடாரமே இருட்டறையாகப் பயன்பட்டது. இதைக் கற்றுக்கொள்ள ஈஸ்ட்மன் கட்டணம் செலுத்திப் பயிற்சி பெற்றார்.

அவர் திட்டமிட்ட பயணம் நடைபெறவில்லை. எனினும், இவ்வளவு பெரிய சுமை எதற்கு என்னும் கேள்வி அவரை விடவில்லை. பகலில் வங்கி வேலை, இரவில் தாயாரின் சமையலறையில் ஆய்வு என அவர் உழைத்தார். முன்கூட்டியே பூசி உலர்த்திய தகடுகளைத் தயாரித்து 1880-ஆம் ஆண்டு விற்கத் தொடங்கினார். பின்னர், கனமான கண்ணாடிக்குப் பதிலாகச் சுருட்டி வைக்கக்கூடிய படச்சுருளை உருவாக்கினார்.

1888-ஆம் ஆண்டில் அவருடைய ‘கோடக்’ கருவி விற்பனைக்கு வந்தது. அதனுள் 100 படங்களுக்கான சுருள் முன்னரே பொருத்தப்பட்டிருந்தது. வாங்கியவர் செய்ய வேண்டியவை மூன்றுதான்: கயிற்றை இழுத்தல், சுருளைத் திருகுதல், விசையை அழுத்துதல். எல்லாப் படங்களையும் எடுத்து முடித்ததும் கருவியையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம். 10 டாலர் கட்டணத்தில் படங்களும் புதிய சுருள் பொருத்திய கருவியும் திரும்பி வந்துவிடும்.

இதனால் கடினமான வேலை மறைந்துவிட்டதா? இல்லை, அது இடம் மாறியது. தொடக்கக்காலச் சுருள்கள் தாளால் ஆனவை. தாளின்மேல் பதிந்த மெல்லிய படலத்தைக் கிழியாமல் பிரித்தெடுத்த பின்னரே படங்களை அச்சிட முடிந்தது. அந்த நுட்பமான வேலையைப் பயிற்சி பெற்ற தொழிலாளர்கள் தொழிற்சாலையில் செய்தனர். யாரும் செய்யக்கூடியதைப் பயனாளரிடமும், வல்லுநர் மட்டுமே செய்யக்கூடியதைத் தொழிற்சாலையிடமும் பிரித்துக் கொடுத்ததே ஈஸ்ட்மனின் திறமை.

ஆயினும், ஒரு தடை எஞ்சியிருந்தது. கோடக் கருவியின் விலை 25 டாலர். சாதாரணத் தொழிலாளியால் அதை வாங்குவது அரிது. பயன்படுத்த எளிதாக இருந்தும், வாங்க எளிதாக இல்லை. எனவே, 1900-ஆம் ஆண்டு, அட்டைப் பெட்டியாலான ‘பிரவுனி’ கருவியை நிறுவனம் ஒரு டாலருக்கு விற்றது. சிறுவர்களையும் கருத்தில் கொண்டு உருவாக்கப்பட்ட அது, முதல் ஆண்டிலேயே ஓர் இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது.

அதுவரை, குடும்பத்தினர் நல்லாடை உடுத்தி, நிழற்பட நிலையத்தில் அசையாமல் அமர்ந்து எடுத்த படங்களே பெரும்பாலும் வீடுகளில் இருந்தன. அதன்பின், குழந்தையின் விளையாட்டும் தாயின் சிரிப்பும்கூடப் படங்களாயின. எளிய மக்களின் அன்றாட வாழ்வும் பதிவு பெற்றது.

இன்றைய கைப்பேசியில் ஒளியின் அளவையும் படத்தின் தெளிவையும் சிறு சில்லுகளே கணித்துச் சரிசெய்கின்றன. கருவி எந்த அளவுக்கு எளிதாகத் தோன்றுகிறதோ, அந்த அளவுக்கு அதன் பின்னால் பிறருடைய உழைப்பு மறைந்திருக்கிறது. பயன்படுத்துவோரின் சுமையைத் தாமே ஏற்றுக்கொள்ள ஒருவர் முன்வரும்போதுதான் அரிய கருவியும் எல்லாருக்கும் உரியதாகிறது.