பூச்சு காய்ந்ததா? குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன் பாருங்க

"பூச்சு முடிஞ்சு மூணு நாளாச்சு, நல்லா காஞ்சிடுச்சு சார், நாளைக்கே டைல்ஸ் ஒட்டிடலாம்" என்று மேஸ்திரி சொன்னால் உடனே தலையாட்டி விடாதீர்கள். அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது. உங்களுக்கோ அந்தக் குளியலறையோடு இன்னும் இருபது வருஷம் குடித்தனம்.

சிமென்ட் பூச்சு காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அதனால் பூசிய மறுநாள் முதல் குறைந்தது 7 நாள் சுவர் ஈரமாகவே இருக்க வேண்டும். உள்ளறைதானே, வெயில் படாதே என்று பலரும் இரண்டு நாளோடு விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட பூச்சைக் கையால் தேய்த்தாலே மாவு மாதிரி உதிரும். டைல்ஸ் எடையை அது எப்படித் தாங்கும்?

தண்ணீர் விடுவதை நிறுத்திய பிறகு, டைல்ஸ் ஒட்ட இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். பெயின்ட் அடிக்க, பூசிய நாளிலிருந்து 28 நாளாவது ஆகட்டும். புதுப் பூச்சில் ஈரமும் காரமும் இருக்கும். அவசரப்பட்டு அடித்தால் பெயின்ட் கொப்பளித்துப் பட்டை பட்டையாக உரியும், வெள்ளை உப்பும் பூக்கும்.

காய்ந்ததா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. இரண்டு அடி சதுரத்தில் ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. அப்படியே போன் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், மேடு பள்ளமும் விரிசலும் தெரியும். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வாங்க. 'டொக் டொக்' என்று பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தை வெட்டி எடுத்து மறுபடி பூசச் சொல்லுங்கள். சுவருக்குள் போகும் குழாய்களில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்தாகிவிட்டதா என்றும் கேட்டுவிடுங்கள்.

அடுத்ததுதான் பலரும் செலவு மிச்சம் என்று தவிர்க்கும் வேலை: வாட்டர் புரூஃபிங். டைல்ஸே தண்ணீரைத் தடுக்கும் என்பது தப்புக் கணக்கு. இடுக்குகள் வழியே தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். தரை முழுக்கவும், சுவரில் ஓரடி உயரத்துக்கும், ஷவர் பக்கம் ஆறடி வரைக்கும் இரண்டு கோட் அடிக்க வேண்டும். முதல் கோட் குறுக்கே என்றால் இரண்டாவது நெடுக்கே. தரையும் சுவரும் சேரும் மூலையிலும் குழாய் வாயைச் சுற்றியும் கூடுதல் கவனம் தேவை. நன்றாகக் காய்ந்ததும் வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கி, மட்டத்தைப் பென்சிலால் குறித்துப் போனில் படம் எடுங்கள். 48 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையையும் வெளிச்சுவரையும் பாருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை மட்டும் விடவே கூடாது. டைல்ஸ் போட்ட பிறகு கசிவு தெரிந்தால் மொத்தத்தையும் உடைக்க வேண்டும், கீழ்வீட்டாரோடு சண்டை வேறு.

டைல்ஸ் வரும் இடத்தில் பட்டி பார்க்கக் கூடாது. வழவழப்பாகவும் இருக்கக் கூடாது, சொரசொரப்பில்தான் பிடிப்பு. டைல்ஸ் பசை பயன்படுத்தினால் டைல்ஸை ஊறவைக்க வேண்டாம், அது சிமென்ட் பால் காலத்துப் பழக்கம். நடுவில் நாலு உருண்டை வைத்து அழுத்துவதையும் அனுமதிக்காதீர்கள், பின்பக்கம் முழுக்கப் பசை பட வேண்டும். இடைவெளி 2 மி.மீ. விட்டு கிரவுட் நிரப்பினால் போதும்.

டைல்ஸுக்கு மேலே உள்ள சுவருக்கு பி.ஓ.பி. வேண்டாம், ஈரத்தில் ஊறிப் போகும். வெள்ளை சிமென்ட் பட்டி, காரம் தாங்கும் பிரைமர், பிறகு பெயின்ட். கடைசி கோட்டை மட்டும் டைல்ஸ் வேலை முடிந்த பிறகு வைத்துக்கொண்டால் கறைபடாது.

சிமென்ட், டைல்ஸ் பசை மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். டைல்ஸ் பசைக்கான தர எண் ஐ.எஸ். 15477. பில்லை வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். பொருளில் குறை இருந்து கடைக்காரர் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கும்போது அது கைகொடுக்கும்.