இறுகிய சக்கர நட்டுகளைக் கழற்ற எந்த ரெஞ்ச் ஏற்றது?

காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உள்ள நிலங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற மூன்று பட்டங்களில் நெல் பயிராகிறது. சேடை உழவின்போது டிராக்டரின் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு இரும்புக் கேஜ் வீலை மாட்டுவதும், உழவு முடிந்ததும் மீண்டும் டயர்ச் சக்கரத்தை மாட்டுவதும் பல விவசாயிகளின் வழக்கம். சேற்று நீரில் பல நாட்கள் கிடந்த நட்டு, துருப்பிடித்து ஸ்டட்டுடன் ஒட்டிக்கொள்கிறது. பொழுது சாயும் நேரத்தில், வரப்போரத்தில் நின்றுகொண்டு எவ்வளவு முயன்றாலும் அது அசைவதில்லை.

அப்போது இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி அதன்மேல் ஏறி மிதிப்பது. ஸ்பேனர் வழுக்கினாலோ ஸ்டட் முறிந்தாலோ மிதித்தவர் கீழே விழுந்து கை கால் முறியும். மற்றொன்று, கேஜ் வீலுடனேயே தார்ச்சாலையில் டிராக்டரை ஓட்டிச் செல்வது. இதனால் சாலை பாழாவதுடன், வண்டி ஓட்டுபவர் சட்ட நடவடிக்கைக்கும் ஆளாக நேரிடும். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரின் டயர் வழியில் பஞ்சரானாலும் இதே தொல்லைதான்.

இத்தொல்லையைத் தவிர்க்க, லாரிப் பட்டறைகளிலும் பஞ்சர் கடைகளிலும் பயன்படும் இம்பாக்ட் ரெஞ்சை இப்போது விவசாயிகளும் வாங்குகிறார்கள். பஞ்சர் கடைக்காரர்கள் இதைக் ‘கன்’ என்பார்கள். எதை வாங்குவது என்று அறிந்து வாங்கினால்தான் போட்ட பணம் வீணாகாது.

எவ்வளவு விசை தேவை?

ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஒரு கிலோ எடை அழுத்தினால் ஏற்படும் முறுக்கு விசை ஒரு கிலோ மீட்டர் விசை எனப்படும். இது சுமார் 9.8 நியூட்டன் மீட்டருக்குச் சமம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் குழாயின் நுனியில் ஏறி நின்றால் கிடைப்பது ஏறத்தாழ 590 நியூட்டன் மீட்டர்.

22 மி.மீ. ஸ்டட்டும் பத்து நட்டுகளும் கொண்ட கனரக லாரிச் சக்கரங்கள் பலவற்றில் நட்டை முடுக்க வேண்டிய அளவு 610 முதல் 680 நியூட்டன் மீட்டர் வரை ஆகும். துருப்பிடித்தபின் அதைக் கழற்ற, முடுக்கிய விசையைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். ஓர் ஆள் ஏறி மிதித்தும் நட்டு அசையாததற்குக் காரணம் இதுவே.

டிராக்டரின் பின்சக்கர நட்டுக்கு இந்த அளவு தேவையில்லை. குதிரைத்திறனையும் ஸ்டட்டின் கனத்தையும் பொறுத்து அளவு மாறும். அதை டிராக்டருடன் வரும் கையேட்டில் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். முடுக்கும் அளவைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு கழற்றும் விசையுள்ள ரெஞ்சைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கையேட்டில் 300 என்று இருந்தால் 600-க்குக் குறையாத ரெஞ்ச் வேண்டும். லாரி அச்சு பூட்டிய டிரெய்லருக்கு 1,300-க்கு மேல் வேண்டும்.

ரெஞ்ச் வேலை செய்யும் விதம்

இம்பாக்ட் ரெஞ்சின் உள்ளே சுத்தியல் போன்ற ஒரு பாகமும், பட்டடை போன்ற ஒரு பாகமும் இருக்கின்றன. மோட்டார் சுழலும்போது சுத்தியல் பாகம் பட்டடை பாகத்தைச் சுழற்சித் திசையில் விட்டுவிட்டு அடிக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகள் விழும். ஒவ்வொரு அடியும் நொடிக்கும் மிகக் குறைந்த நேரமே நீடிப்பதால், பிடித்திருப்பவரின் கை முறுக்கப்படுவதில்லை. அடியின் அதிர்ச்சியில் மரைக்குள் இருக்கும் துரு உடைகிறது. குழாய் போட்டு மெதுவாக இழுப்பதைவிட இது பலன் தருவதற்குக் காரணம் இந்த அதிர்ச்சியே.

முனையின் அளவு

ரெஞ்சில் சாக்கெட் மாட்டும் சதுர முனை அரை அங்குலம், முக்கால் அங்குலம், ஒரு அங்குலம் என மூன்று அளவுகளில் கிடைக்கிறது. டிராக்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு அரை அங்குலத்தில் கனரக வகை போதும். டிராக்டருடன் கனமான டிரெய்லரும் வைத்திருப்பவருக்கு முக்கால் அங்குலம் ஏற்றது. லாரி, டிப்பர் வைத்திருப்பவர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு அங்குலம் தேவைப்படும். பெரிய முனையைச் சிறிய முனையாக மாற்றும் துண்டையும், நீளமான மெல்லிய இணைப்புக் கம்பியையும் கூடியவரை தவிர்க்க வேண்டும். இவை முறுக்கிக் கொடுத்து, அடியின் வலுவைக் குறைத்துவிடும்.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. அது பெரும்பாலும் கழற்றும் திசையின் உச்ச அளவாக இருக்கும். எண் நியூட்டன் மீட்டரில் உள்ளதா, அடி பவுண்டில் உள்ளதா என்றும் கவனிக்க வேண்டும். ஒரு அடி பவுண்டு சுமார் 1.36 நியூட்டன் மீட்டர்.

காற்றா, மின்சாரமா, பேட்டரியா?

காற்றினால் இயங்கும் ரெஞ்ச் உறுதியானது, நெடுநாள் உழைக்கும். ஆனால் இது பொதுவாக 6.3 பார் காற்றழுத்தத்தில்தான் முழு வலுவைத் தரும். சிறிய கம்ப்ரஸரில் இரண்டு மூன்று நட்டுகளைக் கழற்றுவதற்குள் தொட்டியின் அழுத்தம் இறங்கிவிடும். குறுகலான குழாயைப் பொருத்தினாலும் வலு குறையும். எனவே நிலையான பட்டறைக்கே இது பொருந்தும்.

மின்சார ரெஞ்ச் வீட்டுக் கொட்டகையில் பயன்படும். வயலில் பம்புசெட் பலகையிலிருந்து ஒயர் இழுத்து ஈரச் சேற்றில் நின்று இதை இயக்குவது உயிருக்கு ஆபத்து. எந்த அவசரத்திலும் அப்படிச் செய்யக் கூடாது.

வரப்போரத்துக்கும் சாலையோரத்துக்கும் பேட்டரி ரெஞ்சே வசதி. 18 வோல்ட் வகையில் 5 ஆம்பியர் மணி அல்லது அதற்கு மேற்பட்ட பேட்டரியும், மாற்றுப் பேட்டரி ஒன்றும் இருக்க வேண்டும். கோடையில் டிராக்டரின் கருவிப் பெட்டிக்குள் பேட்டரியை வைத்தால் வெப்பத்தால் அதன் ஆயுள் குறையும். நிழலில் வைக்க வேண்டும்.

இவற்றுள் எதையும் வாங்க இயலாதவர்கள், லாரி டிரைவர்கள் வைத்திருக்கும் பல்சக்கரப் பெட்டி பொருத்திய கை ரெஞ்சை வாங்கலாம். இதன் கைப்பிடியைப் பல தடவை சுற்றினால் நட்டு சிறிது நகரும். காற்றோ மின்சாரமோ தேவையில்லை. இதன் தாங்குகால் அடுத்த நட்டின்மேல் சரியாக உட்கார வேண்டும். இடையில் விரலை வைக்கக் கூடாது. ஒரே ஊரைச் சேர்ந்த நான்கைந்து டிராக்டர்காரர்கள் கூட்டாக ஒரு நல்ல பேட்டரி ரெஞ்ச் வாங்கிக்கொள்வதும் உண்டு.

சாக்கெட்டில் கவனம்

பளபளக்கும் குரோமியம் பூசிய சாதாரண சாக்கெட் தொடர்ந்த அடியைத் தாங்காமல் வெடித்துத் துண்டு தெறிக்கும். இம்பாக்ட் வேலைக்கென்றே தயாரான கறுப்பு நிறச் சாக்கெட்டை, ஆறு முகம் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடையே அளந்து, அதே அளவை வாங்க வேண்டும். பழைய டிராக்டர்களில் அங்குல அளவு நட்டுகளும் உண்டு. மில்லிமீட்டர் சாக்கெட்டை அதில் திணித்தால் முகங்கள் உருண்டுவிடும்.

கழற்றும் முறை

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். மண் தரையில் ஜாக்கியின் அடியில் கனமான பலகை வைக்க வேண்டும்.

2. மரையில் ஒட்டிய சேற்றைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற விட வேண்டும். முதல்நாள் இரவே விட்டால் இன்னும் நல்லது.

3. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு ஜாக்கி போட வேண்டும்.

4. பழைய லாரிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை உண்டு. அச்சுகளை அப்படியே எடுத்து டிரெய்லருக்குப் பூட்டியிருந்தால், திசை தெரியாமல் கழற்றுவதாக நினைத்து முடுக்கிக்கொண்டே இருக்க நேரிடும். ஸ்டட்டின் நுனியையும் மரையின் சாய்வையும் முதலில் பார்க்க வேண்டும்.

5. டயர் மாட்டிய சக்கரத்தின் நட்டை எந்தக் காரணத்துக்காகவும் காஸ் நெருப்பால் சூடாக்கக் கூடாது. உள்ளே உள்ள ரப்பர் வெந்து வாயு உண்டாகி டயர் குண்டுபோல் வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை.

6. எடைக்காகத் தண்ணீர் நிரப்பிய பின்சக்கரம் நூறு கிலோவுக்கு மேல் கூடுதலாகக் கனக்கும். அதைத் தனி ஆளாகக் கழற்ற முயலக் கூடாது.

கண்ணுக்குக் கண்ணாடி அணிய வேண்டும். தொங்கும் துண்டும் தளர்ந்த வேட்டியும் இவ்வேலைக்கு ஆகாது.

முடுக்கக் ‘கன்’ வேண்டாம்

நட்டு கழற்ற முடியாமல் இறுகுவதற்குத் துரு ஒரு காரணம். முந்தைய முறை அதைக் ‘கன்’ வைத்து அளவின்றி முடுக்கியது மற்றொரு காரணம். அளவுக்கு மீறினால் ஸ்டட் நீண்டு தன் பிடிப்பை இழக்கும். பிறகு ஓட்டத்தில் முறியும். குறைவாக முடுக்கினால் நட்டு தளர்ந்து சக்கரமே கழன்று ஓடும். காஞ்சிபுரத்துத் தறியில் பாவை அதிகம் இழுத்தால் இழை அறும், தளர விட்டால் நெசவு கெடும் என்பதை நெசவாளர் அறிவார். ஸ்டட்டும் அப்படித்தான்.

சக்கரமும் ஹப்பும் சேரும் பரப்பில் சேறு, துரு, புதிய பெயின்ட் இல்லாமல் துடைக்க வேண்டும். நட்டுகளை முதலில் கையால் மாட்டி, பிறகு எதிரெதிர் வரிசையில் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். கடைசி முடுக்கம் டார்க் ரெஞ்சால்தான் இருக்க வேண்டும். அது இல்லாதவர்கள் ஒரு மீட்டர் கைப்பிடியின் நுனியில் வில் தராசை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுக்கலாம். 30 கிலோ காட்டினால் அது சுமார் 294 நியூட்டன் மீட்டர். மரைக்கு எண்ணெய் விட்டிருந்தால் முதலில் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் அதே விசையில் நட்டு அளவுக்கு மீறி இறுகும்.

புதிதாக மாட்டிய சக்கரத்தின் நட்டுகளைச் சாலையில் 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியபின்னும், வயலில் சில மணி நேர உழவுக்குப் பின்னும் மறுபடி சோதிக்க வேண்டும்.

கழற்றுவதற்கு இம்பாக்ட் ரெஞ்ச், முடுக்குவதற்கு அளவு காட்டும் ரெஞ்ச் என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளும் விவசாயிக்கு, அடுத்த பட்டத்தில் நட்டு எளிதாகக் கழன்று வரும். வண்டியும் சாலையில் பத்திரமாக ஓடும்.